மணியா, மணலா, மணமா?

மணத்தக்காளி என்னும் பெயரைக் கேட்கும் இன்றைய பிள்ளைகள் இது தக்காளியில் ஒரு வகை என்றே எண்ணிக்கொள்கிறார்கள். சிவந்து பருத்த தக்காளியைத் தலைமகனாக வைத்து, இந்தச் சின்னஞ்சிறு கீரைச்செடியை அதன் ஒன்றுவிட்ட தம்பியாகக் கருதுவது இயல்புதான். சொல்லின் வரலாறோ நேர் எதிராக நடந்திருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையூரான புதுப்பட்டினத்துக் கடைத்தெருவில் ஈரச்சாக்கின் மேல் கட்டுக்கட்டாகக் கிடக்கும் இந்தக் கீரைதான் பெயருக்குப் பழைய உரிமையாளர். நாம் குழம்புக்குக் கிலோக் கணக்கில் வாங்கும் செந்தக்காளி அந்தப் பெயரை இரவல் பெற்று வந்து, பிறகு பெயரையே தனதாக்கிக்கொண்டது. சொற்களின் மேல் காதலுள்ள நண்பர்களோடு இந்தப் பெயரை ஏடு ஏடாகப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

செந்தக்காளி தென்னமெரிக்க, நடு அமெரிக்க மண்ணுக்குரியது. ஐரோப்பியர் கப்பல்கள் இந்தியக் கரையைத் தொட்ட பின்புதான் நம் நாட்டுக்கு வந்தது. ஆனால் தக்காளி என்னும் சொல் அதற்கு முன்பே தமிழில் இருந்தது. நம் வயல் வரப்பிலும் எருக்குழி ஓரத்திலும் தானாக முளைத்துத் தானாகப் பழுக்கும் சிறு செடிகளைக் குறித்துக்கொண்டிருந்தது. அவற்றுள் ஒன்று, காய்ந்த தாள் போன்ற பைக்குள் கனியை ஒளித்துவைத்திருக்கும் செடி. அந்தப் பையைப் பறித்து, வாயை விரலால் அமுக்கிப் பிடித்து நெற்றியில் அடித்தால் 'சொடக்' என்று வெடிக்கும். அதனால் அதற்குச் சொடக்குத் தக்காளி என்று பெயர். மலையாளத்தார் அதே செடியை ஞொட்டாஞொடியன் என்கிறார்கள். அங்கும் நொடிக்கும் ஓசைதான் பெயராகியிருக்கிறது. பிள்ளைகளின் நெற்றியில் எழுந்த ஓர் ஓசை இரண்டு மொழிகளுக்கும் செடியின் பெயரைக் கொடுத்திருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நிறைகிறது. மற்றொன்று, பையில்லாமல் கொத்துக்கொத்தாகக் கருமணிகள் காய்க்கும் நம் கீரைச்செடி. இவ்விரண்டுக்கும் தக்காளி பொதுப்பெயர்.

புதிய பழம் வந்தபோது, தோலிலும் சாற்றிலும் விதையின் அமைப்பிலும் நம்மூர்த் தக்காளியின் சாயல் அதில் இருப்பதைத் தமிழர் கண்டுகொண்டனர். ஆகவே 'சீமைத் தக்காளி' என்றனர். சீமை என்பது எல்லை என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்து, எல்லைக்குட்பட்ட நாட்டைக் குறித்து, பிறகு கடல் கடந்த வெள்ளைக்காரர் நாட்டைக் குறிக்குமளவுக்குப் பொருள் விரிந்த சொல். சீமைக் கத்தரி, சீமைக் கருவேல் என்று அது ஒட்டிக்கொண்ட பெயர்கள் பல. காலப்போக்கில் சீமைத் தக்காளி சமையலறையில் நிலைபெற்றது, அடைமொழி உதிர்ந்தது, வெறும் தக்காளி ஆயிற்று. வந்தவர் வீட்டுக்காரராகிவிட்டதால், இருந்தவரை இன்னார் என்று சுட்ட ஓர் அடைமொழி தேவைப்பட்டது. மணத்தக்காளியின் 'மண' இப்படித்தான் இன்றியமையாததாக ஆகியிருக்கிறது. சிங்களத்தாரும் நம்மிடமிருந்து 'தக்காலி' என்னும் பெயரைப் பெற்றுச் செந்தக்காளிக்கே வழங்குகின்றனர்.

இதைவிட வியப்பான செய்தி மெக்சிகோவில் இருக்கிறது. அங்குள்ள நாவாட்டில் மொழியில் 'தோமட்ல்' என்பது, நம் சொடக்குத் தக்காளியின் நெருங்கிய உறவான, பைக்குள் காய்க்கும் பச்சைக் கனி முதலியவற்றின் பொதுப்பெயர். சிவந்த பெரிய கனியை அதிலிருந்து பிரித்துக்காட்ட முன்னொட்டுச் சேர்த்து 'ஷித்தோமட்ல்' என்றார்கள். ஸ்பானியர் அடைமொழியை விட்டுவிட்டுத் 'தோமாத்தே' என்று சுருக்கி உலகெங்கும் பரப்பினர். மெக்சிகோ நகரத்தில் இன்றும் 'தோமாத்தே' என்றால் பச்சைக் காயும், 'ஹித்தோமாத்தே' என்றால் செந்தக்காளியும்தான் கிடைக்கும். ஒருவரை ஒருவர் அறியாத இரு மொழிகள், ஒரே குடும்பத்துச் செடிகளைப் பார்த்து, சிறிய காட்டுக் கனியின் பெயரையே பெரிய செங்கனிக்கு நீட்டியிருக்கின்றன. இரண்டு இடத்திலும் மக்களின் கண் செடிகளின் உறவைச் சரியாகவே கண்டிருக்கிறது. செடிநூலார் பிற்காலத்தில் ஒரே குடும்பமாக வகுத்தவற்றை நம் கீரைக்காரப் பெண்கள் முன்பே ஒரு பெயரால் கட்டிவைத்திருந்தார்கள்.

இங்கே சற்று நின்று, அந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினரையும் பார்த்துவிடலாம். கத்தரிக் குடும்பத்திலிருந்து புத்துலகம் நமக்கு அனுப்பியவற்றில் முதன்மையானவை நான்கு: தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை. நான்கின் பெயரும் தமிழ். மிளகைப் போல் கார்க்கும் காய் மிளகாய். உருண்ட கிழங்கு உருளைக்கிழங்கு. புகைக்கும் இலை புகையிலை. அதே கப்பல்களில் வந்த அன்னாசி தன் பெயரோடுதான் வந்தது, பப்பாளியும் அப்படியே. அலமாரியையும் சாவியையும் மேசையையும் போர்த்துகீசியரிடமிருந்து தயங்காமல் வாங்கிக்கொண்ட மொழி, பிறமொழிச் சொல்லை வெறுத்து இந்த நான்குக்கும் பெயர் வைத்ததாகக் கொள்ள முடியாது. பழகிய ஒன்றன் சாயலோ பயனோ எளிதில் தென்பட்ட பொருளுக்குத் தமிழ்ப் பெயர் நாவில் உடனே எழுந்தது. அன்னாசிக்கு இங்கே அப்படி ஒரு சாயல் இல்லை. பப்பாயா என்று வந்த சொல் பப்பாளி என்று 'ளி' ஈறு பெற்றதற்குத் தக்காளியின் ஓசை காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒரே தடத்தில் ஓடும். திவசச் சமையலில் இன்றும் பல வீடுகளில் தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு மூன்றையும் விலக்குகிறார்கள். பெயர் தமிழானாலும் வரவு புதிது என்பதை அடுப்படி மறக்கவில்லை.

இனி அந்த அடைமொழிக்கு வருவோம். செங்கல்பட்டுப் பக்கத்தில் மணத்தக்காளி. எழுத்தில் மணித்தக்காளி என்றும் காண்கிறோம். தென்மாவட்டங்களில் மிளகுதக்காளி. கொங்கு நாட்டில் சுக்குட்டிக் கீரை, சுக்கிட்டிக் கீரை. மலையாளத்தில் மணித்தக்காளி, முளகுதக்காளி, கரிந்தக்காளி. பெயர்களின் இந்த வரிசையை வைத்துக்கொண்டு, 'மண' எதிலிருந்து வந்தது என்று ஆராய்ந்தால் மூன்று வழிகள் திறக்கின்றன.

முதல் வழி மணம். மகர ஈறு கெட்டு வல்லினம் மிக, மணம், தக்காளி இரண்டும் சேர்ந்து மணத்தக்காளியாகும்; மரம், பலகையோடு சேர்ந்து மரப்பலகையாவது போல. புணர்ச்சியில் குற்றமே இல்லை. செடியிடம்தான் குறை. இலையைக் கசக்கி முகர்ந்தால் பச்சை வாடை வரும்; அதை மணம் என்று யாரும் பாராட்டமாட்டார்கள். வற்றலை நல்லெண்ணெயில் பொரிக்கும்போது எழும் மணம் உண்மை, ஆனால் அது எண்ணெயும் உப்பும் மோரும் சேர்ந்து கொடுத்தது. எந்தக் காயை வற்றலிட்டுப் பொரித்தாலும் அதற்கென்று ஒரு மணம் உண்டு. சுண்டை வற்றலை யாரும் மணச்சுண்டை என்பதில்லை.

இரண்டாம் வழி மணல். ஒலியளவில் இதுவே மிக வலிமையான வழி என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். கல், தூணோடு சேர்ந்தால் கற்றூண். மணல், தக்காளியோடு சேர்ந்தால் மணற்றக்காளி. பேச்சுத்தமிழில் றகர இரட்டை தகர இரட்டையாகும்: காற்று காத்தாகும், நாற்று நாத்தாகும், வற்றல் வத்தலாகும். மணற்றக்காளியும் அந்த விதிப்படி இம்மி பிசகாமல் மணத்தக்காளியாகும். புதுப்பட்டினம் போன்ற கடற்கரை ஊரில் இந்த விளக்கத்தைச் சொன்னால் கேட்பவருக்கு இனிக்கவும் செய்யும்; கடலோர மணலும் சவுக்குத் தோப்புமாக இருக்கும் ஊருக்கு மணலின் பெயரால் ஒரு கீரை அமைவது எத்தனை பொருத்தம்!

ஆனால் ஊரைச் சற்றே சுற்றி வந்தால் இந்த விளக்கம் நிற்பதில்லை. கடலை நோக்கிய மணல்மேட்டில் அடும்புக்கொடி படர்ந்திருக்கும். இராவணன் மீசை உருண்டோடும். அங்கே மணத்தக்காளியைத் தேடினால் கிடைக்காது. அது நிற்குமிடம் மாட்டுக்கொட்டிலின் பின்புறம், எருக்குழியின் விளிம்பு, துவைகல்லிலிருந்து நீர் வழிந்தோடும் வாய்க்கால், வாழையடி. தழைச்சத்து மிகுந்து ஈரம் காக்கும் மண்தான் அதற்கு உயிர். வெறும் மணலில் விழுந்த விதை முளைத்தாலும் சோகைபிடித்து, இரண்டு இலை விட்டுப் பூத்து ஒழியும். பெயரிட்டவர்கள் இந்தச் செடியை அன்றாடம் பறித்தவர்கள். அது எங்கே நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியாதிருக்காது. எழுத்திலக்கணம் உடன்பட்டாலும் மண் உடன்படாத சொற்பிறப்பை நான் ஏற்பதில்லை.

மூன்றாம் வழி மணி. இதற்கு எதிராக ஒரு வலுவான தடை உண்டு. மணிக்கூண்டு, மணிப்புறா, மணிக்கட்டு என்னும் சொற்களில் இகரம் பேச்சிலும் அழியாமல் நிற்கிறதே, இங்கே மட்டும் ஏன் 'மணி' 'மண' ஆனது? இதற்கு விடை இந்த வட்டாரத்திலேயே கிடைக்கிறது. நிலக்கடலையை வடதமிழ்நாட்டில் மணிலாக்கொட்டை என்பர். பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரத்தின் பெயர். அதே கடலையை நம்மூர் உழவர்கள் மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்று சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். மணிலாவின் இகரம் அங்கே தேய்ந்து, ணகரமும் லகரத்தோடு கலந்துவிட்டது. நீண்ட சொல்லில், பின்னால் அகர ஆகாரங்கள் வரிசையாக வரும்போது, நடுவிலுள்ள இகரம் நிலைகொள்ளாது. மணித்தக்காளியில் 'ணி'க்குப் பின் 'த', 'கா' என்று வாய் திறந்தே போகிறது. அந்த இகரத்துக்காக ஒருமுறை உதட்டை இழுத்து மீண்டும் திறப்பது நாவுக்குச் சுமை. ஆகவே மணத்தக்காளி. மலையாளத்தில் இகரம் இன்றும் நிலைத்திருப்பது இதற்கு அரணான சான்று. தெற்கத்தியார் மிளகு என்று சொல்லும் அடைமொழியும் கனியின் அளவையும் உருவையும் நோக்கியதே. மணியும் மிளகும் ஒரே பார்வையின் இரு பெயர்கள். மணமும் மணலும் அந்த வரிசையில் சேர்வதில்லை.

தேய்ந்த சொல்லுக்குப் புதுப்பொருள் கற்பிப்பது மக்கள் இயல்பு. அதற்கு நம் மாவட்டத்தின் பெயரே சாட்சி. செங்கழுநீர்ப் பூக்கள் மலிந்த ஊர் செங்கழுநீர்ப்பட்டு என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். அது நாவில் தேய்ந்து செங்கல்பட்டு ஆனது. ஆனபின், செங்கல் சூளை இருந்திருக்கும் என்று பொருள் சொல்வோர் கிளம்பிவிட்டனர். ஆங்கிலேயர் அதையும் நறுக்கிச் சிங்கில்புட் என்றனர். 2019இல் தனி மாவட்டமானபோது பெற்றது செங்கல்பட்டு என்னும் பெயரைத்தான். குளத்துப் பூ பெயரில் மறைந்தே இருக்கிறது. புதுப்பட்டினத்துக்கு அடுத்த சதுரங்கப்பட்டினமும் அப்படியே. டச்சுக்காரர் கோட்டை கட்டி வணிகம் செய்த அவ்வூரை அவர்கள் நாவில் ஒடித்துச் சட்ராஸ் ஆக்கினர். இன்று உள்ளூர்ப் பேருந்தில் சீட்டு வாங்குவோரும் சட்ராஸ் என்றே கேட்கிறார்கள். ஊர்ப்பெயர்களே இத்தனை தேயும் கரையில் ஒரு கீரையின் இகரம் தேய்ந்ததில் வியப்பில்லை.

மணி என்று கொண்டால் பெயர் எவ்வளவு ஆழம் பெறுகிறது என்று பாருங்கள். மணி என்றால் கோத்த பாசி, நெல்மணி போன்ற கூலவித்து, கண்ணின் கருவிழி. இவை எல்லாம் சிறுமையும் உருட்சியும் குறிக்கும். அதற்கும் அப்பால் பழந்தமிழில் மணி என்றாலே நீலமணி. திருமாலை மணிவண்ணன் என்பது கருநீல நிறத்தால். பவளமோ முத்தோ அங்கே நினைவில் இல்லை. முற்றிப் பழுத்த மணத்தக்காளியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், கருமைக்குள் நீலமும் ஊதாவும் கலந்து மினுங்கும் அந்த நிறம் மணிநிறம்தான். வடிவத்துக்கும் அளவுக்கும் நிறத்துக்கும் ஒரே சொல் இரண்டெழுத்தில் விடை சொல்லிவிடுகிறது. சிவபெருமானை மணிமிடற்றன் என்பதும் இதே நிறத்தால். அந்த மிடற்றின் நிறம் நஞ்சு தங்கியதால் வந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். கருங்கனியே அல்லாமல், செம்மஞ்சளாய்ப் பழுக்கும் வகையும் நம் நாட்டில் உண்டு. செடிநூலார் அவற்றைத் தனித்தனி இனங்களாகப் பிரித்து, உயிரணுவின் நிறப்புரிகளின் (குரோமோசோம்) எண்ணிக்கை ஒன்றில் 24, ஒன்றில் 48, ஒன்றில் 72 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கீரைக்காரருக்கு மூன்றும் மணத்தக்காளியே.

வடமொழியில் இதற்குக் காகமாசி என்று பெயர். சித்த மருத்துவர் வாயிலும் அது வழங்கும். தெலுங்கின் காமஞ்சி அதன் தேய்வாகக் கொள்ளத்தக்கது. காக்கையின் பெயர் ஏன் ஏறியது என்று கேட்க வேண்டியதில்லை: பழுத்த கொத்தின் மேல் பறவைகள் விடும் பார்வையைக் கண்டவருக்கு அது தெரியும். விதையை ஊரெங்கும் தூவுவதும் அவைதாம். கென்ய நாட்டில் இதே இனச் செடிகளைக் கீரையாகச் சமைத்து உண்கிறார்கள். அங்கே அதற்கு 'மனாகு' என்று பெயர். மண, மனா என்னும் ஒலி ஒற்றுமையைக் கண்டதும் உறவு கொண்டாடத் துடிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்: அது வேறு மொழிக்குடும்பம், வேறு வரலாறு. ஒலி ஒத்தால் மட்டும் உறவாகாது. நம் மொழியின் பெருமைக்கு அப்படிப்பட்ட துணை வேண்டியதில்லை.

உணவாக உண்போர் வைத்த பெயர்கள் இவை. அஞ்சியவர்கள் வைத்த பெயர் வேறு. ஆங்கிலத்தில் இக்குடும்பத்துச் செடிகளுக்கு 'நைட்ஷேடு', இரவின் நிழல். மணத்தக்காளி கருப்பு நைட்ஷேடு. ஐரோப்பாவில் வளரும் அதன் கொடிய உறவுக்காரி 'கொல்லும் நைட்ஷேடு'. அந்தக் கொடியவளுக்குச் செடிநூற்பெயர் அட்ரோபா பெல்லடோனா. உயிரின் இழையை அறுக்கும் கிரேக்கத் தெய்வம் அட்ரோபோஸ். பெல்லடோனா என்றால் இத்தாலியத்தில் அழகி. அதன் சாற்றால் கண்ணின் மணியை விரியச் செய்து பெண்கள் அழகுசெய்துகொண்டதால் அப்பெயர் என்பார்கள். ஒரே 'நைட்ஷேடு' இரண்டு செடிக்கும் பொதுவானதால், உண்ணத்தக்க செடியும் பழியைச் சுமந்தது. 1909இல் அமெரிக்காவில் லூதர் பர்பாங்க் என்னும் பெயர்பெற்ற செடி வளர்ப்பாளர் உருவாக்கிய கருங்கனி ஒன்றை 'வியப்புக்கனி' என்று விதை வணிகர் விற்றபோது, இது வெறும் கருப்பு நைட்ஷேடு என்று இதழ்கள் எதிர்த்தெழுதின. கனியின் சுவையைவிடப் பெயரே பெரிய வழக்காகிவிட்டது. நம்மிடம் அந்தக் குழப்பம் இல்லை. கத்தரி, சுண்டை, தூதுவளை, ஊமத்தை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்தோம். ஊமத்தை கூட, பித்தைக் குறிக்கும் உன்மத்தம் என்னும் வடசொல்லின் திரிபு. தின்றால் என்ன ஆகும் என்பதைப் பெயரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

அச்சம் முற்றிலும் பொய்யுமன்று. லின்னேயஸ் 1753இல் 'சொலானம் நைக்ரம்' என்று பெயரிட்ட இச்செடியின் கனிகளிலிருந்துதான், 1820இல் தெபோஸ் என்னும் பிரெஞ்சு மருந்தாளர் சொலனின் என்னும் நஞ்சை முதன்முதலில் பிரித்தெடுத்தார். உருளைக்கிழங்கின் பச்சைப்பட்ட தோலிலும் முளையிலும் இருப்பதாக இன்று நாம் அஞ்சும் சொலனின், பெயர் பெற்றது நம் மணத்தக்காளியின் இனத்தால். பச்சைக் காயில் அது மிகுதி. பழுக்கப் பழுக்கக் குறையும். வயிற்றுவலி, வாந்தி, தலைசுற்றல் ஆகியவை அதன் வேலைகள். கொதிக்கவைத்தால் முழுதும் அழிந்துவிடும் என்று நம்பலாகாது. ஆகவே பச்சைக் காயைப் பறித்தவுடன் தின்பதும், சிறுபிள்ளைகள் கைக்கு எட்டவிடுவதும் கூடா. பழத்திலும் நன்கு கறுத்து மென்மையாகி, காம்பிலிருந்து தானே கழன்று வருவதை மட்டுமே உண்ண வேண்டும். கீரையில் வழக்கத்துக்கு மாறான கடுங்கைப்பு இருந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

செடியை அடையாளம் காண்பதற்குப் பெயரையே வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்பதுதான் என் கட்சி. மணி என்றது ஒரு மணி அன்று, மணிக்கொத்து. ஒரு சிறு காம்பின் நுனியிலிருந்து நான்கைந்து முதல் ஏழெட்டு வரை பிரிந்து கவிழ்ந்து தொங்கும். கொல்லும் பெல்லடோனாவின் கனி கணுவுக்கொன்றாகத் தனித்து, அகன்ற புல்லிவட்டத்தின் மேல் அமர்ந்திருக்கும். அது நம் கடற்கரையில் விளைவதுமில்லை. மிளகு என்றது அளவு: உலர்ந்த மிளகைவிடச் சற்றே பெரிது, பட்டாணியைவிடச் சிறிது. பூ வெண்மை, ஐந்து இதழ், நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாக நீட்டிநிற்கும்; கத்தரிப்பூவைச் சிறிதாக்கி வெள்ளை பூசியது போலிருக்கும். தண்டில் முள் இராது. முள்ளிருந்தால் அது சுண்டையோ கண்டங்கத்தரியோ தூதுவளையோ. நாம் உண்மையில் அஞ்ச வேண்டியது ஊமத்தையின் இளங்கன்றை. பூக்கும் முன் இரண்டும் ஒரே எருக்குழியில் அருகருகே நிற்கும். இலையை மட்டும் பார்த்துப் பறிப்பவர் ஏமாறலாம். பூவோ காயோ கண்ட பிறகே முதன்முறை பறியுங்கள். சாக்கடை ஓரத்துச் செடியையும், பூச்சிமருந்து தெளித்த வயல் வரப்புச் செடியையும் விட்டுவிடுங்கள்.

அதைவிடச் சிறந்தது வீட்டில் வளர்ப்பது. தெரிந்தவரிடமிருந்து பழுத்த கனிகள் ஒரு கைப்பிடி வாங்கி, நீரில் பிசைந்து அலசினால் தட்டையான மஞ்சள் விதைகள் அடியில் தங்கும். நிழலில் உலர்த்தி, பொடிமணலோடு கலந்து தூவினால் அடர்ந்து விழாது. மேலே மெல்லிதாக மண் மூடினால் போதும். ஐப்பசி கார்த்திகை அடைமழை நாற்றைக் கரைத்துவிடும் கரை இது. மழை ஓய்ந்தபின் விதைப்பது நலம். புதுப்பட்டினத்து மணல்மண்ணில் குழியெடுத்துத் தொழுவுரமும் மட்கிய இலைகளும் நிரப்பினால்தான் ஈரம் நிற்கும். நாற்று நான்கைந்து இலை விட்டதும் பிடுங்கி, முக்கால் முழ இடைவெளியில் நடலாம். முழங்கால் உயரம் வருமுன் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் வெடித்துக் கீரை மிகும். கனி வேண்டுமானால் கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் ஒரே செடியில் எதிர்பார்ப்பது பேராசை.

சமையலறையில் மணத்தக்காளி மூன்று முறை பெயர் பெறுகிறது: கீரை, பழம், வற்றல். இளங்கீரையைப் பாசிப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய் சேர்ப்பர். வாய்ப்புண் வந்தவருக்குத் தேங்காய்ப்பாலில் சாறாக வைத்துக் கொடுப்பர். மூன்றாவதான வற்றல்தான் சொல்லாராய்ச்சிக்குச் சுவையானது. வற்று என்னும் வினை நீர் குறைதலைச் சொல்கிறது. ஏரி வற்றும், கிணறு வற்றும், காயும் வற்றும். தொழிற்பெயராகிய வற்றல் பொருளுக்கே பெயராகி, பேச்சில் வத்தலாகி, வத்தக்குழம்பு என்று குழம்புக்கும் ஏறிவிட்டது. முற்றிய பச்சைக் காயை உப்பிட்ட புளித்த மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலெல்லாம் வெயிலில் காயவைத்து, மோர் தீரும்வரை நாள்தோறும் மாற்றி மாற்றிச் செய்வார்கள். உண்பதோ குழம்புக்கு ஒரு கரண்டி, சோற்றுக்கு ஒரு சிட்டிகை. பச்சைக் காயின் குணத்தை அறிந்த முன்னோர் அளவைச் சிறிதாக வைத்தார்கள் என்றே நான் கொள்கிறேன். நொறுக்குத்தீனி போல் கிண்ணம் கிண்ணமாக அள்ளித் தின்பது இந்த வழக்கத்தைச் சேர்ந்ததன்று. கருவுற்றவரும், தொடர்ந்து மருந்துண்பவரும் கீரையானாலும் மருத்துவரைக் கேட்டே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்தில் செடியையும் பெயரையும் ஒருசேரக் காத்துவருபவர்கள் இருளர்கள். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் 1986இல் தொடங்கப்பட்ட இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம் மூலிகை நாற்று வளர்ப்பையும் மருந்து செய்தலையும் தொழிலாக மேற்கொண்டிருக்கிறது. காட்டில் எது எங்கே முளைக்கும், எந்தப் பருவத்தில் பறிக்கலாம் என்று அறிந்த அவர்களின் வாய்மொழியில் அகரமுதலிகளுக்கு எட்டாத செடிப்பெயர்கள் பல இருக்கும். சொல்லாய்வு செய்பவர் நூலகத்தை விட்டு அவர்களிடம் போக வேண்டும்.

என் முடிபு இது: மணத்தக்காளி என்று சொல்வது பிழையன்று, நாவின் நீதி அது, ஆனால் அகரமுதலியில் அதன் வேர் மணி என்று எழுதப்பட வேண்டும். கொங்கு நாட்டுச் சுக்குட்டியின் வேர் இன்னும் தனியே ஆராயத்தக்கது. ஆகவே நண்பர்களே, உங்கள் பாட்டியோ அத்தையோ இந்தக் கீரையை எப்படி அழைக்கிறார்கள், மணியா மணவா, மிளகா சுக்குட்டியா, அல்லது இந்தப் பட்டியலில் இல்லாத வேறொன்றா என்று கேட்டு, அவர்கள் பலுக்கியபடியே ஊர்ப்பெயரோடும் சொன்னவர் வயதோடும் எழுதி அனுப்புங்கள்.